வெங்கடப்பன் தொடாத முழங்கால்

ஓசூர் குஸ்திக் களத்தில் காஜா மொய்தீனின் இடது முழங்காலை யாரும் தொடக்கூடாது என்பது எழுபத்தொன்பதாம் வருஷம் முடிவான விஷயம். முடிவு செய்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் முழங்காலின் சொந்தக்காரரான காஜா பாய். இன்னொருவன் அதைத் தொட வேண்டிய எதிராளி, ராயக்கோட்டை வெங்கடப்பன். சண்டை நாள் காலையில் ராயக்கோட்டை சாலை முனையிலிருந்த டீக்கடையில், ஆளுக்கொரு டீயைக் கையில் வைத்துக்கொண்டு பேசி முடித்தார்கள். பதிலுக்கு வெங்கடப்பனின் கழுத்தைத் தொடுவதில்லை என்று காஜா பாய் வாக்குக் கொடுத்தார். பிறகு இருவரும் எழுந்து போய், ஏரிக்கரையில் கூடியிருந்த ஜனங்களுக்கு முன்னால் ஒருவரை ஒருவர் கொன்றுவிடுவதைப் போல முறைத்துக்கொண்டார்கள்.

அந்தச் சண்டையை நடத்தியவர் சைக்கிள் கடை சம்பங்கி. ஓசூரில் தொழிற்சாலைகள் வந்ததிலிருந்து ஊருக்குள் பல தினுசு ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். பட்டாளத்திலிருந்து வந்த வாட்ச்மேன்கள் குத்துச்சண்டையைப் போல வராது என்றார்கள். மெட்ராஸ் பையன்கள் கராத்தே என்றார்கள். ஆனேக்கல், அத்திப்பள்ளி ஆட்களுக்குக் குஸ்தியைத் தவிர மற்றதெல்லாம் கூத்து. இந்த வாய்ச்சண்டை டீக்கடைகளில் தாங்க முடியாமல் போகவே, எல்லாரையும் ஒரே மண்ணில் இறக்கிவிடுவது என்று சம்பங்கி முடிவெடுத்தார். எவனுக்கு எது தெரியுமோ அதோடு வரலாம். கடிக்கக்கூடாது, கண்ணில் விரல் விடக்கூடாது, கவட்டையில் உதைக்கக்கூடாது. முதுகு மண்ணில் பட்டால் தோல்வி. இப்போது இதையெல்லாம் கம்பிக் கூண்டுக்குள் நடத்தி, டிவியில் காட்டி, வாயில் நுழையாத பெயர் வைத்திருக்கிறார்கள். சம்பங்கி ஆயுத பூஜைக்கு மறுநாள், பொரி கடலையோடு நடத்தினார்.

காஜா பாய் ஒரு கம்பெனியில் பவர் பிரஸ் ஓட்டினார். அங்கே வருஷம் முழுக்க அவர் ஒரு டோக்கன் நம்பர். நேற்று வந்த சூப்பர்வைசர்கூட 'ஏய் காஜா' என்றுதான் கூப்பிடுவான். ஆனால் சண்டை நாளன்று அதே சூப்பர்வைசர் கூட்டத்தில் இடித்துக்கொண்டு முன்னால் வந்து, 'பயில்வான், நான்தான், நம்ம ஷிப்ட்' என்று கை ஆட்டுவான். அந்த ஒரு நாளுக்காகத்தான் மீதி நாட்களை அவர் பொறுத்துக்கொண்டார். முதுகில் மண் படாதவர் என்று இந்தப் பக்கம் தர்மபுரி வரைக்கும், அந்தப் பக்கம் பெங்களூர் வரைக்கும் அவருக்குப் பெயர் இருந்தது. கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன். பாதி வழியிலிருக்கிற சந்தாபுரம் வரைக்கும் இருந்தது.

கல்யாணம் ஆன புதிதில் மனைவி முனவர் பேகம் ஒரு வாக்கு வாங்கியிருந்தார். என்றைக்கு முதுகில் மண் படுகிறதோ அன்றைக்கே களத்தை விட்டுவிட வேண்டும், அதற்கப்புறம் ஒரு நாள்கூட இறங்கக்கூடாது. காஜா பாய் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். முப்பது வயதில் மனிதன் எதற்கு வேண்டுமானாலும் தலையாட்டுவான்.

வெங்கடப்பன் ராயக்கோட்டைத் தக்காளி மண்டியில் தரகு பார்த்தவன், காஜா பாயைவிட ஆறு வயது இளையவன். ஆனால் தலைமுடி சீக்கிரமே அவனைக் கைவிட்டதால் இருவரும் ஒரே வயது என்று ஊர் நினைத்தது. போகப் போக காஜா பாயும் அப்படித்தான் நினைத்தார். எழுபத்தைந்தில் முதல் தடவை மோதியபோது, வெயில் சாயும் வரை புரண்டும் யார் முதுகும் மண்ணில் படவில்லை. சம்பங்கி இரண்டு பேர் கையையும் தூக்கிப் பிடித்து, கன்னடத்தில் தொடங்கித் தெலுங்கில் நடந்து தமிழில் முடிகிற தன் வழக்கமான வாக்கியத்தில் சமம் என்று அறிவித்தார். யாருக்கும் முழுசாகப் புரியவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள். அடுத்த வருஷமும் அதே ஜோடி, அதே சமம். அதற்கடுத்த வருஷமும் அப்படியே.

இந்த ஏற்பாட்டில் இருந்த சௌகரியம் என்னவென்றால், இரண்டு பேரும் சேர்ந்தே வயதானார்கள். ஒருவன் வேகம் குறையும்போது எதிரில் இருப்பவன் வேகமும் குறைந்தால், இருவருக்கும் ஒன்றும் குறைந்ததாகத் தெரியாது. காஜா பாய்க்குத் தெரியவே இல்லை. ஆனால் உடம்பு தன் பாட்டுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருந்தது. வீட்டு ஆட்டுக்கல்லை நகர்த்தப் போய் வலது தோள் பிடித்துக்கொண்டது. டீக்கடையில் அதைச் சொன்னார். வெங்கடப்பன் கொஞ்சம் யோசித்துவிட்டு, தனக்கும் வலது குதிகால் வெடித்து உயிர் போகிறது என்றான். அதற்கடுத்த வருஷம் காஜா பாய்க்கு இடுப்பு, அவனுக்கு விலா. இவர் ஒன்று சொன்னால் அவனும் ஒன்று சொல்வான். இந்த விஷயத்தில் அவன் ரொம்ப நியாயமானவன் என்று காஜா பாய்க்கு ஒரு மதிப்பு. ஒரு தடவை ராயக்கோட்டைச் சந்தையில் அவன் தலைமேல் இரண்டு தக்காளிக் கூடைகளை அடுக்கி நடந்து போவதைத் தூரத்திலிருந்து பார்த்தபோது, கழுத்து வலியோடு இப்படிக் கஷ்டப்படுகிறானே என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

எண்பத்தாறு வாக்கில் தொடுவதற்கு இரண்டு பேர் உடம்பிலும் அதிக இடம் மிச்சமில்லை. நெற்றியை நெற்றியோடு முட்டி, தொடலாம் என்று அனுமதிக்கப்பட்ட தோளைப் பிடித்துக்கொண்டு, வெகுநேரம் அசையாமல் நிற்பார்கள். ஜனங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். இவர்கள் இருவரும் அங்கே மூச்சை வாங்கிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் குடும்ப சமாச்சாரமும் பேசிக்கொள்வதுண்டு. வெங்கடப்பனின் பெரிய பெண்ணுக்குக் கெலமங்கலத்தில் மாப்பிள்ளை பார்த்திருக்கும் செய்தி காஜா பாய்க்கு அப்படித்தான் கிடைத்தது.

இதெல்லாம் எண்பத்தேழில் கெட்டது. அந்த வருஷம் சண்டை பாதியில் இருக்கும்போதே கூட்டம் எழுந்து பஜ்ஜி சாப்பிடப் போய்விட்டது. சம்பங்கிக்குப் பெரிய அவமானம். அடுத்த வருஷம் முதல் பேசி வைத்த ஜோடி கிடையாது, கன்னடத்துப் பக்கத்து முறைப்படிதான் சண்டை என்று சொல்லிவிட்டார். சவால் விடுபவன் களத்து மண்ணை ஒரு பிடி அள்ளிக்கொண்டு சுற்றி வருவான். யார் முன்னால் நீட்டுகிறானோ அவர் அதை வாங்கினால் சண்டை. வாங்காமல் முகத்தைத் திருப்பினால் முதுகில் மண் பட்டதாகக் கணக்கு. எந்தக் கை முதலில் மண்ணை வாங்குகிறதோ, அந்தக் கைக்குச் சொந்தக்காரன்தான் சண்டை போட வேண்டும்.

இந்த முறையைக் கேட்டு உற்சாகமானவன் மாடசாமி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து லேத் ஓட்ட வந்தவன், இருபத்து மூன்று வயது. கராத்தேயும் சிலம்பமும் தெரியும். வாட்ச்மேன்களிடம் குத்துச்சண்டையும் கற்றுக்கொண்டிருந்தான். குணத்தில் தங்கமான பையன். முதல் மண்ணைக் காஜா பாய்க்குத்தான் நீட்டப் போவதாக, அவர் வீட்டுக்கே வந்து, செருப்பை வாசலில் கழற்றிவிட்டுப் பணிவாகச் சொல்லிவிட்டுப் போனான். நாற்பத்தேழு வயதில் முதல் தடவையாகக் காஜா பாய்க்குப் பயம் வந்தது. அடிக்குப் பயமில்லை. முதுகில் மண் பட்டால் தான் மறுபடியும் வெறும் டோக்கன் நம்பராகிவிடுவோம் என்ற பயம். முனவர் பேகம் அன்றிரவு தோளுக்கு உப்பு ஒத்தடம் கொடுத்தபடியே, விழுவதாக இருந்தால் மெதுவாக விழும்படி கேட்டுக்கொண்டார். அந்த அம்மாளுக்கும் பாவம், எதை வேண்டிக்கொள்வதென்று தெரியவில்லை.

சண்டை நாள் காலையில் காஜா பாய் டீக்கடைக்குப் போனார். வெங்கடப்பன் ஏறி வரும் தக்காளி லாரி இன்னும் வரவில்லை. பெஞ்சில் மாடசாமி தனியாக உட்கார்ந்திருந்தான். இவ்வளவு வருஷமாக இந்த நாளில், இந்தக் கடையில், எதிராளியைப் பார்த்ததும் என்ன செய்வாரோ அதையே அன்றும் செய்தார் காஜா பாய். அவனுக்கும் ஒரு டீ சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இந்தா பாரு தம்பி, முன்னாடியே சொல்லிடறன். இடது முழங்கால் ஆவாது. வலது தோளு இதுக்கு மேல தூக்காது. இடுப்பப் புடிச்சுத் திருப்பிட்டேன்னா அப்புறம் நாலு நாள் வேலைக்குப் போவ முடியாது. மத்தபடி நீ எங்க வேணாலும் புடிக்கலாம்."

மாடசாமி டீயைக் கீழே வைத்துவிட்டான். எந்தத் தோள் என்று திரும்பக் கேட்டுக்கொண்டான். அவர் சட்டையை விலக்கிக் காட்டினார். சொல்லாமல் சண்டைக்குப் போவது மரியாதை இல்லை என்பது அவர் எண்ணம். அதனால் சளிக்கட்டு, வலது காது மந்தம் முதலிய சில்லறை விவரங்களையும் சேர்த்துக்கொண்டார். எல்லாம் முடிந்தபின் முறைப்படி, உனக்கு எங்கெங்கே என்று கேட்டார்.

"எனக்கு எங்கயும் வலிக்காது அண்ணாச்சி," என்றான் மாடசாமி.

காஜா பாய் நம்பவில்லை. குதிகால்? இல்லை. காலையில் எழுந்திருக்கும்போது முதுகில் ஒரு பிடிப்பு? அதுவும் இல்லை. இப்படியும் ஒரு உடம்பு இருக்குமா என்று அவனை மேலும் கீழும் பார்த்தார். தானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் எவ்வளவு யோசித்தும் அது எப்படி இருந்தது என்று அவருக்கு ஞாபகம் வரவில்லை.

மாடசாமி போன பிறகு லாரியிலிருந்து இறங்கி வந்தான் வெங்கடப்பன். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் போன போக்கை அதற்கு முன் காஜா பாய் பார்த்ததே இல்லை. தொடமாட்டேன் என்று பையன் வாக்குக் கொடுத்தானா என்று கேட்டான். காஜா பாய் யோசித்துப் பார்த்தார். சொன்னதற்கு ரொம்ப நன்றி அண்ணாச்சி என்று மட்டும் சொன்னதாக ஞாபகம். வெங்கடப்பன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வழக்கமாகச் சொல்லும் தன் பங்கு வலியை அன்றைக்கு அவன் சொல்லவே இல்லை.

ஏரிக்கரையில் அந்த வருஷம் எள் போட்டால் கீழே விழாத கூட்டம். சூப்பர்வைசர் முன் வரிசையில் நின்றான். மாடசாமி களத்தில் இறங்கி, ஒரு பிடி மண்ணை அள்ளி, ஒரு சுற்று வந்து, காஜா பாய்க்கு முன்னால் குனிந்து நீட்டினான். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த காஜா பாய் எழுந்திருக்கப் பார்த்தார். முழங்கால் சம்மதிக்கவில்லை. ஒரு கையை ஊன்றி, மூச்சை இழுத்து, பாதி எழுந்து, இன்னொரு கையை நீட்டுவதற்குள் பக்கத்திலிருந்து ஒரு கை வந்து மண்ணை அப்படியே வாரிக்கொண்டு போய்விட்டது. வெங்கடப்பன்.

கூட்டம் கத்தியது. காஜா பாய் அதைவிடச் சத்தமாகக் கத்தினார். சம்பங்கி மூன்று பாஷைகளிலும் முழித்துவிட்டு, மண்ணை வாங்கிய கைதான் சண்டை போட வேண்டும், முறை முறைதான் என்று சொல்லிவிட்டார்.

சண்டை தொடங்கியதும் மாடசாமி விலாவில் ஒரு உதை விட்டான். தொடக்கூடாத விலா அது. காஜா பாய் தன்னை அறியாமல் ஐயோ என்றார். வெங்கடப்பன் ஐயோ என்று சொல்லவில்லை. உதைத்த காலை அக்குளில் இடுக்கிப் பிடித்துக்கொண்டான். இருவரும் சேர்ந்து விழுந்தார்கள். மாடசாமி மேலே, வெங்கடப்பன் கீழே. முதுகு மண்ணைத் தொட ஒரு விரற்கடை இருக்கும்போது, வெங்கடப்பன் தலையை மண்ணில் ஊன்றி, உடம்பை வில்லாக வளைத்து, தன் பாரத்தையும் மாடசாமியின் பாரத்தையும் கழுத்தில் தாங்கினான். அந்தக் கழுத்தை ஒன்பது வருஷமாக காஜா பாய் பூவைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே கழுத்தாலேயே சுழன்று மேலே வந்தவன், வெடித்து உயிர்போவதாகச் சொன்ன அந்தக் குதிகாலைப் பையனின் முழங்காலுக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்தான். மாடசாமி மல்லாந்து விழுந்தான். முதுகு முழுக்க மண்.

கரை அதிர்ந்தது. காஜா பாய் மட்டும் கை தட்டவில்லை. மாடசாமி மண்ணைத் தட்டிக்கொண்டு, தோற்ற வருத்தம் அதிகமில்லாமல், அவர் பக்கத்தில் வந்து நின்றான்.

"இவருக்கும் எங்கயும் வலிக்காது போலருக்கே அண்ணாச்சி," என்றான்.

முதலில் அவருக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷமாக ஒருத்தன் தன்னை, கைக்குழந்தையைக் கொஞ்சுகிற மாதிரி, ஜனங்களுக்கு முன்னால் பிடித்து நிறுத்தி வைத்திருந்திருக்கிறான். சமம் என்று சம்பங்கி தூக்கிய கை ஒவ்வொன்றும் அவன் போட்ட பிச்சை. வெட்கம் தீர்ந்ததும் கோபம் வந்தது. களத்தில் இறங்கினார், குனிந்து ஒரு பிடி மண் அள்ளினார், வெங்கடப்பன் முன்னால் நீட்டினார்.

"வேணாம் பாய். மூச்சு வாங்குது."

"இன்னும் எத்தினி பொய்டா சொல்லுவ? புடி. இன்னிக்கி என் மேல எங்க வேணா கை வை. முழங்கால்லயே வை."

வெங்கடப்பன் அவரைப் பார்த்தான். வாங்காமல் திரும்பினால் தோல்வி அவனுக்கு; அதைப் பற்றி அவன் கவலைப்பட்டிருக்க மாட்டான். ஆனால் அப்படிக் கிடைக்கும் ஜெயத்தைக் காஜா பாய் சாகும் வரை மன்னிக்க மாட்டார் என்று அவனுக்குத் தெரிந்தது. மண்ணை வாங்கினான்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வயது மனிதனிடமிருந்து எதை எதையோ பிடுங்கிக்கொண்டாலும் பிடியைக் கடைசியில்தான் எடுக்கிறது. பதினைந்து வருஷம் பிரஸ்ஸில் இரும்புத் தகடு தூக்கிய கை காஜா பாயுடையது. அவர் வெங்கடப்பனின் மணிக்கட்டைப் பிடித்தபோது, அவன் முகம் உண்மையாகவே சுருங்கியது. உண்மையான வலி எப்படி இருக்கும் என்று அப்போதுதான் அவர் அவன் முகத்தில் முதல் தடவை பார்த்தார். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். தள்ளினார். அவன் பின்வாங்கினான். மறுபடியும் தள்ளினார். சூப்பர்வைசர் தொண்டை கிழியக் கத்தினான். ஜெயித்துவிடுவோம் என்றே அவருக்குத் தோன்றியது.

அப்புறம் மூச்சு தீர்ந்தது. வெங்கடப்பன் குனிவதை அவர் பார்த்தார். எதற்குக் குனிகிறான் என்றும் புரிந்தது. காலை இழுத்துக்கொள் என்று மூளை சொன்னது. அது வெளியூருக்கு ட்ரங்க் கால் போட்ட மாதிரி சுற்றிச் சுற்றிக் காலுக்குப் போய்ச் சேருவதற்குள், அவன் இரண்டு கையாலும் இடது முழங்காலைப் பிடித்துத் தூக்கிவிட்டான். தயவு தாட்சண்யம் இல்லாத தூக்கு. வானம் ஒரு சுற்றுச் சுற்றியது. பொத்தென்ற சத்தம் கரை வரை கேட்டது.

சம்பங்கிக்கு எந்தப் பாஷையும் வரவில்லை. வெங்கடப்பன் அவர் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது.

"ஏண்டா சொல்லல?" என்றார் காஜா பாய், படுத்தபடியே.

"சொல்லியிருந்தா நீங்க நிறுத்தியிருப்பீங்க பாய். அப்புறம் நான் யாரோட சண்ட போடறது? இந்தப் பசங்களோடவா? ஒருத்தனுக்கும் எங்கயும் வலிக்கறதில்ல. பேசறதுக்கு என்னா இருக்குது இவுனுங்களோட?"

காஜா பாய் கையை நீட்டி, தூக்கிவிடச் சொன்னார். அவன் வலது கையைப் பிடிக்கப் போனான். அந்தத் தோள் வேண்டாம், இந்தப் பக்கம் பிடி என்றார்.

அவர் நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வருவதற்கு முன்பே செய்தி வந்திருந்தது. இனிமேல் களத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று சொல்வதற்கு முனவர் பேகம் பதினேழு வருஷமாகப் பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தார். வாசலில் அவரைப் பார்த்ததும் அதில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. யார் தள்ளியது என்று மட்டும் கேட்டார். வெங்கடப்பன்தான் என்று தெரிந்ததும், வேறு எவனாவது தள்ளியிருந்தால் தனக்குக் கோபம் வந்திருக்கும் என்று சொல்லிவிட்டு வெந்நீர் வைக்கப் போனார்.

புழக்கடைக் கல்லில் காஜா பாய் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். முனவர் பேகம் சொம்பைத் தூக்கியவர், ஊற்றாமல் அப்படியே நின்றார்.

"மண்ணு நெறைய ஒட்டியிருக்குதா?" என்று கேட்டார் காஜா பாய்.

"ஆமாங்க. கழுத்துலேர்ந்து இடுப்பு வரைக்கும், ஒரு எடம் உடாம."

"பரவால்ல," என்றார் அவர், பெருமையை மறைக்க முடியாமல். "ஒழுங்காத்தான் தள்ளியிருக்கான்."